இடது பக்கக் கண்ணாடி

மார்ச் 2, செவ்வாய்

காலை ஆறுக்கே புழுக்கம். மணலி ரிஃபைனரிப் பக்கக் காற்று, அழுகின முட்டை நாற்றம். ஜன்னலை மூடினால் வேர்வை, திறந்தால் குமட்டல். மூடினேன்.

இன்று செய்தவை: ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி. கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று பேட்ச்சுக்கு கிளாஸ். நைனாவின் லீவ் லெட்டரை யார்டில் கொடுத்தது. ஒருவனை மனதுக்குள் நாற்பது முறை செருப்பால் அடித்தது.

அந்த ஒருவன் செல்வம். லாரி டிரைவர். சாத்தாங்காட்டில் நைனா செக்கராக இருக்கும் அதே இரும்பு யார்டு. போன மாதம் 19, சாயங்காலம் நாலு மணி. லாரியைப் பின்னால் எடுத்தான். தகட்டு அடுக்கின் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்த நைனாவின் வலது பாதம் பின்சக்கரத்துக்கு அடியில். மறுநாள் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். பத்து நாள் ஆகிறது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். இனி கிடையாது. இந்த நோட்டிலும் 'அவன்'தான். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாள் கூட எட்டிப் பார்க்கவில்லை.

யார்டில் முதலாளி ஏசி அறையில். உட்காரச் சொல்லவில்லை. 18ஆம் தேதி லேபர் ஆபீஸில் இழப்பீட்டு விசாரணையாம். அதற்கு எழுதி வைத்திருக்கும் தாளை அவரே வாசித்துக் காட்டினார்.

"உங்கப்பா நிக்கக் கூடாத எடத்துல நின்னாரு. டிரைவர் இடது பக்கக் கண்ணாடியப் பாத்துதான் ரிவர்ஸ் எடுத்தான். அந்த எடத்துல நின்னா எவனுக்கும் தெரியாது. இதான்மா நடந்தது."

கீழே செல்வத்தின் கையெழுத்து. கோணல் மாணல்.

எவனுக்கும் தெரியாதாம்.


மார்ச் 4, வியாழன்

கரண்ட் கட் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஸ்டூடன்ட்ஸ் வெளியே நின்று சிரித்துக்கொண்டு. இருட்டில் நான் மட்டும் அணைந்த மானிட்டரைப் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் தோன்றியது.

நாலாவது மெஷினில் ஒரு புரோகிராம் இருக்கிறது. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. ரே ட்ரேசிங். அதில் படம் வரைவதில்லை, எழுதுவதுதான். இங்கே ஒரு உருண்டை, இத்தனை அகலம், இந்த நிறம். இங்கே ஒரு பெட்டி. விளக்கு அங்கே. கேமரா இங்கே. எழுதி ஓட்டினால் கேமராவிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு விட்டுப் பார்க்கும். கோடு எதில் இடிக்கிறதோ அதன் நிறம். கண்ணாடியில் இடித்தால் திரும்பி வேறு எதில் போய் இடிக்கிறது என்றும் பார்க்கும். மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படம் வரும். மெதுவாக. ரொம்ப மெதுவாக.

எல்லோரும் முதலில் செய்வது சதுரங்கத் தரை, அதன் மேல் கண்ணாடி உருண்டை. நானும் செய்தேன், போன வருஷம். சென்டர் சார் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு உபயோகம்?" என்றார். பதில் இல்லை அப்போது.

இப்போது இருக்கிறது. யார்டை எழுதுவேன். லாரியை எழுதுவேன். நைனாவை நிற்க வைப்பேன். கேமராவை டிரைவர் சீட்டில் வைப்பேன். தெரியுமா தெரியாதா, அது சொல்லட்டும்.

தெரியும் என்றுதான் சொல்லும். சொல்ல வைப்பேன்.


மார்ச் 6, சனி

யார்டுக்கு மறுபடி. நைனாவின் குடையும் டிபன் பாக்ஸும் அங்கேயே கிடக்கிறது என்று சாக்கு. பையில் தையல் டேப், பென்சில். முதலாளி இல்லை. செல்வம் எண்ணூர் டிரிப்பில். ஆனால் அன்றைக்கு ஓட்டின அதே லாரி ஷெட் ஓரம் சும்மா நின்றது. என் நல்ல நேரம்.

அளந்தவை:
லாரி நீளம் – டேப் போதவில்லை, கயிறு கட்டி அளந்து 22 அடி.
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கண் மட்டம் – தரையிலிருந்து ஏழே கால் அடி. (நானே ஏறி உட்கார்ந்தேன். பீடி நாற்றம். சாமி படம். அதைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது.)
இடது கண்ணாடி – 8க்கு 14 அங்குலம். தட்டையான கண்ணாடி. சுத்தமாக இருக்கிறது.
தகட்டு அடுக்கு – உயரம் நாலே கால் அடி. லாரியின் இடது பக்கத்துக்கும் அடுக்குக்கும் நடுவே மூன்றடி சந்து.
நைனா நின்ற இடம் – பின்சக்கரத்துக்கு ஓரடி பின்னால். தரையில் இன்னும் கறை இருக்கிறது. மண் போட்டு மூடியிருக்கிறார்கள், சரியாக மூடவில்லை.

அங்கே மட்டும் இரண்டு தடவை அளந்தேன்.

லோடுமேன் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாமே, நைனா மாதிரியே அளந்துகினுகீறே."

பார்த்துக்கொண்டு நின்ற இத்தனை பேரில் ஒருத்தனுக்கும் அன்று குரல் கொடுக்கத் தெரியவில்லை.


மார்ச் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வார்டில் டெட்டால், மூத்திரம், சாம்பார். நைனா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இல்லாத பாதத்தில் அரிக்கிறதாம். அம்மா போர்வைக்கு மேல் வெறும் இடத்தைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க முடியவில்லை.

படம் செய்யப்போவதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்கு அதெல்லாம்? வுடு."

"அவன் கண்ணாடியில பாத்தானாம் நைனா. தெரியலையாம். எழுதிக் குடுத்துகீறான்."

"எய்திக் குடுத்தா குடுக்கட்டும். கண்ணாடி கிண்ணாடின்னு நீ எதுவும் கெளப்பாதே."

அம்மா, "அவரே படுத்துகினு கீறாரு, ஏண்டி உயிர எடுக்குறே" என்றாள்.

இருபத்தேழு வருஷம் அந்த யார்டில். முதலாளி பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கும் வியாதி. இப்போது எழுந்து நிற்கவும் காலில்லை, அப்போதும் பயம். எனக்கு வந்த கோபத்துக்கு மருந்து பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். எடுத்து மூடி போட்டு வைத்துவிட்டு வந்தேன்.


மார்ச் 9, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாலாவது மெஷினில் உட்கார்ந்தேன். 11 தப்பு. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் முப்பதாம் வரியில் நின்றுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. லாரி என்பது ஏழு பெட்டி, ஆறு உருளை. தகட்டு அடுக்கு ஒரு பெட்டி. நைனா ஒரு நீல உருளை, மேலே ஒரு பழுப்பு உருண்டை. அவ்வளவுதான் நைனா. நீலச் சட்டைதான் அன்று.

விளக்கை மேற்கே, தாழ்வாக. நாலு மணி வெயில்.

ஒருவழியாக ஓட ஆரம்பித்தது. வானம் வந்தது. கேபினின் மேல்விளிம்பு வந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் பாதிப் படம். அடுத்த பேட்ச் வந்துவிட்டது, அந்த மெஷினை மட்டும் விட்டு மற்றதில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் திரை கறுப்பு. சார் ஆஃப் செய்துவிட்டார்.

"மெஷின் சும்மா ஓடிக்கினு இருந்திச்சும்மா."

"சும்மா ஓடல சார். ரெண்டர் ஆயிட்டிருந்துச்சு."

"ஒரு டப்பா வரைய ஒரு மணி நேரமா? பெயின்ட்ல போட்டா அஞ்சு நிமிஷம். ஃபீஸ் கட்டுன பசங்க ரெண்டு ரெண்டு பேரா உக்காந்துகினு கீறானுங்க."

சொன்னேன். எதற்காக என்று எல்லாவற்றையும், பசங்கள் எதிரிலேயே. குரல் உயர்ந்துவிட்டது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நைனா விஷயமா? மொதல்லியே சொல்றதுக்கு இன்னா" என்று முனகினார். இனி சாப்பாட்டு நேரத்தில் தொட மாட்டாராம். ஞாயிறு சாவி தருவதாகவும் சொன்னார்.

நன்றி சொல்லவில்லை. பாதிப் படம் போனது போனதுதான்.


மார்ச் 12, வெள்ளி

காலை பேட்ச் இல்லை, ஒன்பதிலிருந்தே நாலாவது மெஷின். முழுப் படம் வந்தது. 320க்கு 240, ஐம்பத்திரண்டு நிமிடம்.

டிரைவர் சீட்டிலிருந்து இடது பக்கம் பார்த்த காட்சி. ஜன்னல் சட்டம், அதற்கு அப்பால் கண்ணாடி. கண்ணாடியில் வானம். வெறும் நீலம். நைனா இல்லை.

அந்தப் பாவி சொன்னது நிஜமா?

பிறகு கண்ணாடியின் கோணத்தைப் பார்த்தேன். நான் குத்துமதிப்பாக நேராக வைத்திருந்தேன். யாரும் கண்ணாடியை நேராக வைப்பதில்லை. நாலு டிகிரி திருப்பினேன், கொஞ்சம் கீழே சாய்த்தேன். மறுபடி ஓட்டினேன். லாரியின் பக்கவாட்டுப் பலகை வந்தது. இன்னும் நாலு டிகிரி. இந்தத் தடவை கேமராவைக் கண்ணாடிப் பக்கமே குவித்து வைத்தேன், நேரம் மிச்சம்.

வரி வரியாக. வானம், பலகை விளிம்பு, அடுக்கு. அப்புறம் பழுப்புப் புள்ளிகள். அப்புறம் நீலம்.

நைனா. கண்ணாடிக்குள் முழுசாக நின்றுகொண்டு. தகட்டைப் பார்த்தபடி.

பார்த்திருக்கிறான். பார்க்க முடியும். எட்டு டிகிரியில் என் நைனா பளிச்சென்று தெரிகிறார். பார்த்தும் எடுத்திருக்கிறான், இல்லை பார்க்கவே இல்லை. இரண்டில் எதுவானாலும் நாய்தான்.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே மத்தியான பேட்ச்சுக்குப் போனேன். பசி தெரியவில்லை.


மார்ச் 13, சனி

பாரிஸ் கார்னர் போய் ஃப்ளாப்பி கொடுத்து கலர் பிரின்ட். கடைக்காரர், "இன்னா கேமா இது?" என்றார். இல்லை என்றேன்.

பஸ்ஸில் வரும்போது படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ராயபுரம் தாண்டும்போது ஒரு நினைப்பு, வேண்டாத நினைப்பு. எட்டு டிகிரி யார் சொன்னது? நான்தானே திருப்பினேன். வானம் வந்தபோது திருப்பினேன். நைனா வந்ததும் நிறுத்தினேன். வராமல் இருந்திருந்தால் இன்னும் திருப்பியிருப்பேன்.

விசாரணையில் அதே கேள்வி வந்தால்?

கண்ணாடி எந்தக் கோணத்தில் இருந்தது என்று தெரிந்த ஆள் ஒருத்தன்தான்.


மார்ச் 14, ஞாயிறு

வியாசர்பாடி. செல்வம் வீடு, ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி. கீழே மைதானத்தில் ஃபுட்பால், ஒரே கூச்சல். படி முழுக்கத் தண்ணீர்க் குடங்கள்.

செல்வம் வாசலில் லுங்கியோடு. என்னைப் பார்த்ததும் எழுந்தான். தாடி. அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "வாம்மா, உள்ள வா" என்றாள். போகவில்லை.

படத்தை நீட்டினேன். "பாரு. நீ உக்காந்த எடத்துலேந்து. கண்ணாடில யாருன்னு பாரு."

வாங்கினான். முதலில் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு புரிந்தது, முகத்தில் தெரிந்தது.

"மாமாவா இது?"

"உனக்குத்தான் தெரியலையாமே. கையெழுத்து போட்டுகீறியே. எப்படி வெச்சிருந்தே கண்ணாடிய? வானத்தப் பாத்தா வெச்சிருந்தே?"

நான் பேசினேன். என்னென்ன என்று இங்கே எழுத வேண்டாம். பக்கத்து வீடுகள் எல்லாம் வெளியே வந்தன. அவன் பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

அவன் பெண்டாட்டிதான் முதலில் வெடித்தாள். "யோவ், வாயத் தொறந்து சொல்லுய்யா! அவ இன்னான்னா பேசிகினே போறா, நீ கல்லாட்டம் நிக்கிறே!"

செல்வம் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கண்ணாடியே இல்ல பரிமளா."

"இன்னாது?"

"இடது பக்கம் கண்ணாடியே இல்ல. தீவாளிக்கு முன்ன மாதவரத்துல ஒரு டேங்கர் ஒரசி ஒடஞ்சி பூட்ச்சி. வெறும் கம்பிதான் நின்னுகினு இருந்திச்சி. மொதலாளி கைல மூணு வாட்டி சொன்னேன். பாக்கலாம் பாக்கலாம்னாரு. கிளீனரையும் நிறுத்திட்டாரு. மாமாவுக்கு அடிபட்ட மறாநாள் காலைல வந்து பாத்தா புதுக் கண்ணாடி."

கீழே யாரோ கோல் போட்டார்கள். விசில்.

"அப்புறம் ஏன் கண்ணாடியப் பாத்தேன்னு கையெழுத்து போட்டே?"

"போடலைன்னா லைசன்ஸு பூடும், உள்ள தள்ளிடுவாங்கன்னாரு. போட்டா வேலை நிக்கும்னாரு. ரெண்டு புள்ள கீது."

"பதினெட்டாம் தேதி வந்து இத சொல்லு."

தலையை ஆட்டினான், இல்லை என்று. "என்னால ஆவாது. நீ இன்னா வேணா திட்டிக்கோ."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். படியில் ஒரு குடத்தை உதைத்துவிட்டேன். வேண்டுமென்றா, தெரியாமலா, எனக்கே தெரியவில்லை.


மார்ச் 15, திங்கள்

லீவு போட்டுவிட்டு லீவில் சென்டருக்கே போனேன். சார் ஒன்றும் கேட்கவில்லை, நாலாவது மெஷினுக்குப் பக்கத்தில் 'தொடாதே' என்று தாள் ஒட்டியிருந்தார்.

கண்ணாடியை எடுத்துவிட்டேன். பைலில் மூன்று வரி. அழித்தால் போச்சு. ஓட்டினேன்.

ஜன்னல் சட்டம். கம்பி. அதற்கு அப்பால் தகட்டு அடுக்கு, துரு நிறம். பின்பக்கம் கேபின் தகரம், அடைத்த லோடு. நைனா எங்கேயும் இல்லை. இருக்கிறார், பைலில் இருக்கிறார், எழுதி வைத்த இடத்தில்தான் நிற்கிறார். அந்த சீட்டிலிருந்து கிளம்பும் எந்தக் கோடும் அவரைத் தொடவில்லை.

இதுதான் அவன் பார்த்தது. சரியாக இதைத்தான்.

ரொம்ப நேரம் பார்த்தேன். அவன் மேல் கோபம் குறையும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. முதலாளி மேலும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். தெரியாமல் எடுத்தது தப்பில்லை. தெரிந்து பொய் எழுதினது? குனிந்து எட்டிப் பார்க்கக் கழுத்து இல்லையா? இறங்கி ஒரு தடவை பின்னால் போய்ப் பார்க்கக் கால் இல்லையா? அவனுக்கு இருக்கிறதே, இரண்டும்.

பிறகு கண்ணாடியைத் திரும்பப் போட்டு கோணம் மாற்றி மாற்றி, சின்னச் சின்னப் படமாக. 0லிருந்து 22 வரை, இரண்டிரண்டு டிகிரி. பன்னிரண்டு படம். சாயங்காலம் ஆறு மணி வரை.

0 – வானம்
2 – வானம்
4 – பலகை மட்டும்
6 – தலை, தோள்
8 முதல் 20 வரை – முழு ஆள்
22 – பாதி ஆள்

பன்னிரண்டில் ஒன்பது. வராத மூன்று கோணத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எவனும் ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது. பின்னால் வருகிற பஸ்ஸே தெரியாது.

ஆக, கண்ணாடி இருந்திருந்தால் நைனா தெரிந்திருப்பார். முதலாளியின் தாளில் 'கண்ணாடியைப் பார்த்தான்', 'தெரியவில்லை', இரண்டும் சேர்ந்து நிற்காது.


மார்ச் 16, செவ்வாய்

நைனாவிடம் இரண்டு படத்தையும் கொண்டுபோனேன். கண்ணாடி உள்ளது, இல்லாதது. நாளை டிஸ்சார்ஜ்.

கண்ணாடி இல்லாததைத்தான் ரொம்ப நேரம் வைத்திருந்தார். கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாரு சொன்னா கண்ணாடி இல்லேன்னு?"

"செல்வம்."

"சொல்லிட்டானா." கண்ணை மூடிக்கொண்டார். வார்டில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். "கேட் புக் யாரு எய்துறது, தெரியுமா உனக்கு?"

தெரியும். நைனாதான். தினமும் காலையில் வண்டி வெளியே போகுமுன் நம்பர், பிரேக், லைட், ஹாரன், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்து. சின்ன வயதில் அந்த டிக்கைப் பார்த்துத்தான் நான் டிக் போடக் கற்றுக்கொண்டேன்.

"நாலு மாசம்," என்றார். "தெனம் சரி போட்டேன். ஒரு நாளு கூட உடாம. மொதலாளி சொன்னாரு, போடு, அடுத்த வாரம் மாத்திடலாம்னாரு. போட்டேன். அந்தக் கண்ணாடி இல்லாததுதான் எங்கால எட்துச்சி. நான்தான் சரின்னு போட்டேன்."

அதனால்தான் 'கெளப்பாதே'. பயம் என்று நினைத்தேன். பயமும்தான்.

ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மகள் அதைத்தான் செய்வாள்.

"இத வெச்சிகினு என்னை ஏன் நைனா நாயா அலைய வுட்டே?" என்றேன். "அவன் வூட்டுக்குப் போயி அவன் புள்ளைங்கள வெச்சி திட்டிட்டு வந்துகீறேன்."

அவர் அழுதார். சத்தமில்லாமல். அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன். பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டேன்.


மார்ச் 18, வியாழன்

விசாரணை. ஆட்டோவில் நைனா, நான், இரண்டு அக்குள் கட்டை. வழி முழுக்க டிரெய்லர் லாரிகள், ஒரு மணி நேரம்.

ஆபீஸர் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், கனமான மூக்குக்கண்ணாடி, மேஜையில் ஃபைல் மலை. முதலாளி வக்கீலோடு. செல்வம் ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை, சுவரோரம்.

முதலாளி சொன்னார். அதே தாள். செல்வம் சொன்னான், மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி: "இடது பக்கக் கண்ணாடியப் பாத்தேன். யாரும் இல்ல. எடுத்தேன்."

என் முறை. படங்களை மேஜையில் வைத்தேன். கண்ணாடி உள்ள படம் முதலில். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கிளாஸ் எடுக்கிற மாதிரி இருந்தது. எப்படி அளந்தேன், எங்கே கேமரா, எத்தனை கோணம்.

முதலாளி சிரித்தார். "கம்ப்யூட்டர்ல இன்னா வேணா வரும் மேடம். நான் பறக்குற மாதிரி கூட போடலாம்."

"நீ கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்ததுதானே?" என்று வக்கீல்.

"ஆமா," என்றேன். "பன்னெண்டு தடவ." பட்டியலைக் கொடுத்தேன். "மூணுல தெரியல. அந்த மூணும் உள்ளேயே வெச்சிருக்கேன், மறைக்கல."

மேடம் பட்டியலை வாசித்தார். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கண்ணாடி இருந்தா இந்த ஆளு இவ்ளோ நல்லாத் தெரியறாரு. நீ பாத்தேங்கறே. பாத்துட்டா ஏத்துனே?"

செல்வம் முதலாளியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். நெற்றியில் வேர்வை. எனக்கு உள்ளே ஒரு கொடூரமான சந்தோஷம். மாட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் சுவர். அடுக்குக்கும் லாரிக்கும் நடுவே அந்த மூன்றடி சந்து மாதிரி.

நைனா கட்டையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். மேடம், "உக்காந்தே சொல்லுங்க" என்றார். அவர் எழுந்தே நின்றார்.

"மேடம், கண்ணாடி இல்ல. தீவாளிலேந்து இல்ல. அவன் பாக்கல, பாக்க முடியாது. கேட் புக்குல தெனம் சரின்னு போட்டவன் நானு. இவரு போடச் சொன்னாரு, நான் போட்டேன். எங் கையெய்த்து கீது, பாத்துக்கங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்ப இவரே ஒத்துக்கறாரு மேடம். வண்டி சரின்னு இவரேதான் சர்டிஃபை பண்ணியிருக்காரு!"

"புக்குல டிக் போட்டா கம்பியில கண்ணாடி மொளைக்காது சார்," என்றார் மேடம். "உக்காருங்க."

செல்வம் இப்போதுதான் வாயைத் திறந்தான். "ஆமா மேடம். இல்ல. மூணு வாட்டி சொன்னேன்." அப்புறம் நிற்கவில்லை, கொட்டினான். கிளீனரை நிறுத்தினது, மறுநாள் வந்த கண்ணாடி, யார் மாட்டினது, லைசன்ஸ் மிரட்டல். முதலாளி முகம் செங்கல்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். நைனா கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார்: "படம் நல்லா கீது. என்னத்தான் ஒல்லியா போட்டுட்டே."


மார்ச் 19, வெள்ளி

வெயில். நேற்றைய சேலை இன்னும் துவைக்கவில்லை.

யார்டிலிருந்து ஆள் வந்து நைனாவின் சாமான் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு துண்டு, பேனா, சோப்பு டப்பா. இனி வர வேண்டாமாம். செல்வத்தையும் நேற்றே நிறுத்திவிட்டாராம். புது டிரைவர் காலையிலேயே வந்துவிட்டானாம். கண்ணாடி இருக்கிறது, கவலை இல்லை.

சென்டரில் சார், "அந்தப் புரோகிராமை ஒரு பேட்ச்சுக்கு நடத்துறியா?" என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். உபயோகம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்ததா என்றேன். போய்விட்டார். பாவம், தாள் ஒட்டின மனுஷன். நாளைக்குச் சரி சொல்லிவிடலாம். நாளைக்கு.


மார்ச் 26, வெள்ளி

ஆர்டர் வந்தது. நைனா வேலை செய்யும்போது பட்ட அடிதான், யார்டு முதலாளிதான் பொறுப்பு, இழப்பீடு அவர்தான் கொடுக்க வேண்டும் என்று. அவர் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போவாராம். போகட்டும். எட்டு டிகிரிப் படம் என்னிடம் ஃப்ளாப்பியில் இரண்டு காப்பி.

வாசித்துக் காட்டினேன். நைனா கேட்டார்: "கேட் புக்கு பத்தி இன்னா எய்திகீறாங்க?"

ஒரு வரி இருக்கிறது. முதலாளி சொல்லி, தெரிந்தே தவறாகப் பதிந்தார் என்று. வாசித்தேன். மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்கவில்லை.

"கரெக்ட்டு," என்றார். ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை.


மார்ச் 28, ஞாயிறு

காற்றே இல்லை. கடல் பக்கமிருந்தும் இல்லை. பதினோரு மணிக்கே தார் ரோடு மினுங்குகிறது. அம்மா காசிமேடு போயிருந்தாள், மீனுக்கு. நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டு.

செல்வம் வந்தான். நடந்தே வந்திருப்பான் போல, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. வாசலுக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டான்.

"மாமா கீறாரா?"

ஒரு பாவாடையை உதறிப் போட்டேன். இன்னொன்றையும்.

"அன்னிக்கு நானே சொல்லியிருக்கணும். அவரு எய்ந்து நின்னு சொல்ற வரிக்கும் வுட்டுட்டேன்."

"ஆமா," என்றேன். "வுட்டுட்டே."

கிளிப் தீர்ந்துவிட்டது. வாளி காலி. செய்வதற்கு வேறு வேலை இல்லை. இரண்டு பேரும் வெயிலில். அவன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி குட்றியா பரிமளா."

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே நைனா குரல். "யாரும்மா?"

கட்டில் கிறீச்சிட்டது. கட்டையைச் சுவரிலிருந்து எடுக்கும் சத்தம், தரையில் ஊன்றும் சத்தம், ஒன்று, இரண்டு.

வாசல் சின்னது. நான் அதில் நின்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு நகர்ந்தேன்.